வடசென்னை போட்டி வறுவலுக்கு பிரெஞ்சு ரெட் ஒயின் செட் ஆகுமா? காசிமேட்டு மீனுக்கு?

ராயபுரத்தில் யாரிடமாவது "ஒயின் ஷாப் எங்க இருக்கு?" என்று கேட்டால் நேராக டாஸ்மாக் கடைக்குக் கை காட்டுவார்கள். அங்கே பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், பீர் இருக்கும். ஒயின் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கடைக்குள் அபூர்வமாகக் கிடைக்கிற ஒரு பொருளின் பெயரைத்தான் மொத்தக் கடைக்கும் வைத்திருக்கிறோம்.

நம் ஊரின் ஃபேவரைட்டான பிராந்திகூட பிறப்பால் ஒயின்தான். திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தால் பிராந்தி. ஆனால் இந்தியாவில் விற்கிற பெரும்பாலான பிராந்தியின் அடிப்படை, கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸில் இருந்து எடுக்கும் ஸ்பிரிட். ஆக அந்த வழியிலும் திராட்சை நம்மிடம் பெரிதாக வந்து சேரவில்லை.

வடசென்னைக்கு ஒயின் தெரியவே தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. ராயபுரம், பெரம்பூர் பக்கம் கிறிஸ்தவ, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கிராம்பு, பட்டை போட்டு ஜாடியில் ஊற வைக்கும் பழக்கம் உண்டு. சின்ன கிளாஸில் பிளம் கேக்கோடு வரும் அந்த 'திராட்சை ரசம்' நல்லா இனிக்கும். அந்த ஞாபகத்தோடு ஒரு பிரெஞ்சு ரெட் ஒயினை வாயில் வைப்பவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். சர்க்கரை இருக்காது. புளிக்கும், துவர்க்கும். "இதுக்கா இவ்ளோ காசு?" என்று தோன்றும்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டும் என்றால் ஒயினைத் தனியாகப் பார்க்கக் கூடாது, தட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரான்ஸில் அன்றாட ஒயின் என்பது தனியாக உட்கார்ந்து 'அடிக்கிற' சரக்கு இல்லை. சாப்பாட்டோடு வருகிற ஒன்று. நம்ம ஊர் ரசம் மாதிரி, ஊறுகாய் மாதிரி. அந்த அன்றாட ஒயின்களில் ஒன்றை மட்டும் எடுத்து, வடசென்னைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதன் பெயர் போஜொலே.

(தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கவும் கூடாது, அவர்கள் வாங்கவும் கூடாது. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுக் குடிக்க ஆரம்பிக்கத் தேவையில்லை. இது உணவைப் பற்றிய விளக்கம்தான்.)

போஜொலே என்றால் என்ன?

பிரான்ஸின் லியோன் நகரத்துக்கு வடக்கே, மாக்கோன் வரை நீளும் குன்றுப் பகுதிதான் போஜொலே. அங்கே விளையும் ஒயினுக்கும் அதே பெயர். திராட்சை ரகத்தின் பெயர் கமே. தோல் கறுப்பு, உள்ளே சாறு வெள்ளை.

இந்தக் கமேவுக்கு ஒரு அவமானக் கதை உண்டு. 1395-ல் பர்கண்டி கோமகன் இரண்டாம் ஃபிலிப், தன் ஆட்சிப் பகுதியில் இருக்கும் கமே கொடிகளை வெட்டி எறியச் சொல்லி உத்தரவு போட்டார். நிறைய காய்க்கிற, ஆனால் மட்டமான திராட்சை என்பது குற்றச்சாட்டு. 'பினோ நுவா' என்ற உயர்ந்த ரகம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விரட்டப்பட்ட கமே தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் பிழைத்துக்கொண்டது. பெரிய இடத்துக்குத் தகுதியில்லை என்று தள்ளிவிட்டது ஊருக்கு வெளியே போய் நன்றாக வளர்ந்தது என்றால், வடசென்னைக்காரர்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

செய்முறையிலும் இது கொஞ்சம் வேறு. வழக்கமாக ரெட் ஒயினுக்குத் திராட்சையை நசுக்கி, தோல், விதையோடு சேர்த்து நொதிக்க விடுவார்கள். போஜொலேயில் பாரம்பரியமாகக் கொத்தோடு முழுத் திராட்சையைத் தொட்டியில் கொட்டி மூடுகிறார்கள். அடியில் உள்ள பழம் எடை தாங்காமல் உடைந்து நொதிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு தொட்டியை நிரப்பும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில் மேலே இருக்கும் பழங்கள் உடையாமலே உள்ளுக்குள் நொதிக்க ஆரம்பிக்கும். விளைவு: நிறமும் பழ வாசனையும் நன்றாக வரும், தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பு குறைவாகவே இறங்கும். சில போஜொலேயில் வாழைப்பழ வாசனைகூட அடிக்கும். கலப்படம் என்று பயப்பட வேண்டாம், நொதித்தலில் வரும் ஒரு எஸ்டரின் வேலை அது.

'டானின்' என்று ஒயின் ஆட்கள் பெரிதாகப் பேசுவது இந்தத் துவர்ப்பைத்தான். நமக்கு அது புதிதில்லை. அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறோம். நாவல் பழம் தின்றதும், பால் விடாத கடுந்தேநீர் குடித்ததும் நாக்கு உலர்ந்து இழுக்குமே, அதேதான். பெரிய விலை போர்தோ ஒயின்களில் இது தூக்கலாக இருக்கும். போஜொலேயில் குறைவு. நம் சாப்பாட்டுக்கு இந்த ஒரு விஷயம் எவ்வளவு முக்கியம் என்று கீழே வரும்.

லியோனின் நெசவாளிகளும் அவர்களின் காலை உணவும்

ஒயின் என்றாலே கோட் சூட், மெழுகுவர்த்தி, ஃபைவ் ஸ்டார் என்ற படம் நம் மனதில் இருக்கிறது. சினிமா செய்த வேலை. போஜொலேயின் வரலாறு அதற்கு நேர் எதிர்.

லியோன் பட்டு நெசவு நகரம். அங்கே 'கான்யூ' என்று அழைக்கப்பட்ட பட்டு நெசவாளர்கள் குவா ரூஸ் என்ற மேட்டுப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். கூலிக்காக 1831-லும் 1834-லும் கிளர்ச்சி செய்தவர்கள். (பெரம்பூரில் பி அண்டு சி மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918-ல் உருவான சென்னை தொழிலாளர் சங்கமும், 1921-ல் நடந்த பெரிய வேலைநிறுத்தமும் ஞாபகம் வந்தால் தப்பில்லை. தறிச் சத்தம் கேட்கிற ஊர்களுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது.) இரவெல்லாம் வேலை பார்த்த நெசவாளிகள் காலையில் சாப்பிடும் கனமான சாப்பாட்டுக்கு 'மாஷோன்' என்று பெயர். அதில் என்ன இருக்கும்? பணக்காரர்கள் வாங்காத பாகங்கள். மாட்டு வயிறு, பன்றிக் குடல், ஈரல், தோல் வறுவல். கூடவே அடி கனமான, 460 மில்லி பிடிக்கும் 'போ' என்ற பாட்டிலில் பக்கத்து ஊர் ஒயின், அதாவது போஜொலே. லியோன் நகரத்துக்கு மூன்று ஆறுகள் என்று அங்கே ஒரு பழைய ஜோக் உண்டு: ரோன், சோன், போஜொலே.

இந்தச் சாப்பாட்டைப் பரிமாறும் சிறு உணவகங்களுக்கு 'பூஷோன்' என்று பெயர். இன்றைக்கு அவை சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கும் இடங்கள். வேகவைத்த மாட்டு வயிற்றைப் பிரெட் தூளில் பிரட்டிப் பொரித்துத் தரும் 'தாப்லியே தெ சப்பேர்', குடலைக் குடலுக்குள்ளேயே திணித்துச் செய்யும் 'ஆந்துயெட்' எல்லாம் அங்கே பெருமையான பதார்த்தங்கள்.

இப்போது தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மாலையில் போடுகிற தள்ளுவண்டிக் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டி வறுவல், குடல் குழம்பு, சுவரொட்டி, ஈரல், தலைக்கறி, ரத்தப் பொரியல். ஆலை ஷிஃப்ட் முடிந்தும், துறைமுகத்தில் லோடு இறக்கியும் வருபவர்களுக்குக் குறைந்த காசில் உடம்புக்குத் தெம்பு தந்த சாப்பாடு இது. லியோனில் அது பாரம்பரியச் சமையல் என்று புத்தகத்தில் ஏறிவிட்டது. இங்கே இன்னும் 'லோக்கல்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு.

சரி, செட் ஆகுமா?

போட்டி வறுவலில் என்ன இருக்கிறது? கொழுப்பு, உப்பு, மிளகு, மிளகாய், கொஞ்சம் கவிச்சி வாசனை. இதைச் சாப்பிடும்போது கடைக்காரர் ஏன் பச்சை வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் வைக்கிறார்? நாக்கில் படியும் கொழுப்பைப் புளிப்பு வெட்டிவிடும், அடுத்த வாய் முதல் வாய் போலவே ருசிக்கும். போஜொலேயின் புளிப்பு செய்வதும் அதே வேலைதான். உப்பும் கொழுப்பும் ஒயினின் மிச்சசொச்சத் துவர்ப்பை மழுக்கிவிடும். பழ வாசனை கவிச்சியை ஓரங்கட்டும். ஆகவே போட்டி, குடல், ஈரல் வகையறாவுக்கு இந்த ஒயின் நன்றாகவே பொருந்தும். ஒரே ஒரு நிபந்தனை: காரம்.

இங்கேதான் பிரெஞ்சுப் புத்தகங்கள் நமக்கு உதவாது. லியோன் சமையலில் மிளகாய் கிடையாது. மிளகாயின் காரம் சுவையே இல்லை, அது ஒரு வலி. நாக்கில் சூட்டை உணரும் 'டிஆர்பிவி1' என்ற ஏற்பி இருக்கிறது. சுமார் 42 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் அது மூளைக்குச் 'சுடுது' என்று செய்தி அனுப்பும். மிளகாயில் உள்ள கேப்சைசின், சூடே இல்லாமல் அந்த மணியை அடித்துவிடும். 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் 2002-ல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: மதுவில் உள்ள எத்தனாலும் இதே ஏற்பியைத் தூண்டுகிறது; அது இருக்கும்போது மணி அடிக்கும் வெப்பநிலை 42-ல் இருந்து 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்பே 37 டிகிரி! காரமான வாயில் ஸ்ட்ராங்கான மது பட்டால் பற்றி எரிவது இதனால்தான். மனப்பிரமை இல்லை.

எரிகிற வாய்க்குத் துவர்ப்பும் கடுமையாகத் தெரியும். ஆக, காரச் சாப்பாட்டுக்கு ரெட் ஒயின் தேடும்போது பார்க்க வேண்டியது விலையோ பிராண்டோ இல்லை. ஆல்கஹால் சதவீதம் குறைவா, துவர்ப்பு குறைவா, குளிர்ச்சியாகக் குடிக்க முடியுமா? இந்த மூன்றுதான். போஜொலே பெரும்பாலும் 12 முதல் 13.5 சதவீதத்தில் நிற்கும். தெற்குப் பிரான்ஸின் இன்னொரு அன்றாட ரெட்டான கோத் து ரோன் 14-ஐயும் தாண்டிப் போகும். போர்தோவில் துவர்ப்பு அதிகம். அதனால்தான் மூன்றிலும் போஜொலேயை எடுத்தேன்.

இருந்தாலும் நம் 'எக்ஸ்ட்ரா காரம்' ஆர்டருக்கு எந்த ஒயினும் தாங்காது. அதற்கு மோர்தான். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். நம் பாட்டிகளுக்கு ஆய்விதழ் தேவைப்படவில்லை.

காசிமேட்டு மீனுக்கு?

'மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு' என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் இதை வெறும் பந்தா என்று நினைக்கிறார்கள். ஆனால் பின்னால் ஒரு வேதியியல் இருக்கிறது. ஜப்பானின் மெர்சியன் என்ற ஒயின் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 38 ரெட் ஒயின்களையும் 26 ஒயிட் ஒயின்களையும் ஸ்காலப் என்ற சிப்பிச் சதையோடு ருசித்துப் பார்க்க வைத்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். வாயில் கிளம்பும் மீன் வாடைக்குக் காரணம் ஒயினில் உள்ள இரும்புச் சத்து. லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் வாடை தெளிவாகத் தெரிந்தது. கடல் உணவில் உள்ள கொழுப்பு அமிலங்களை இரும்பு சட்டென்று சிதைத்து, பழைய மீன் வாடை தரும் பொருள்களை உண்டாக்குகிறது. ரெட் ஒயின்களில் இரும்பு அதிகம் இருக்க வாய்ப்புண்டு, அவ்வளவுதான். இரும்பு குறைவாக இருந்தால் ரெட்டும் தப்பிக்கும்.

இதை அப்படியே காசிமேட்டுக்குக் கொண்டு வந்தால் ஒரு கணக்கு கிடைக்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மத்தி, கானாங்கெளுத்தி இரண்டுக்கும் ரெட் ஒயினே வேண்டாம். கருவாடு? கிட்டவே கொண்டு போகாதீர்கள். உப்பு, வாடை, இரும்பு மூன்றும் சேர்ந்தால் அரைமணி நேரத்துக்கு வாயில் இருந்து போகாது. புளி போட்ட மீன் குழம்பும் கஷ்டம்தான். புளியின் புளிப்பு ஒயினின் புளிப்பை விட அதிகமாக இருந்தால், ஒயின் தண்ணீர் மாதிரி சப்பென்று ஆகிவிடும்.

தேறக்கூடியது கடம்பா. காசிமேட்டில் கடம்பா என்று விற்கிற கணவாயில் கொழுப்பு குறைவு. மிளகு, பூண்டு போட்டுச் சுருளச் சுருள வறுத்தால் குளிர்ந்த போஜொலே ஓரளவு ஒத்துப்போகும். சுறா புட்டும் அப்படியே: கொழுப்பு இல்லாத மீன், நிறைய வெங்காயம், பூண்டு, இஞ்சி. வஞ்சிரம் வறுவல்? மசாலா கருகலாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் அன்று காலையில் ஏலத்தில் எடுத்த நல்ல வஞ்சிரத்துக்கு எலுமிச்சை போதும் என்பது என் கட்சி.

அத்தோ, பிரியாணி, பீஃப்

அத்தோவைச் சொல்லாமல் வடசென்னைச் சாப்பாடு முடியாது. 1960-களில் பர்மாவில் இருந்து விரட்டப்பட்டுத் திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடி உள்ளிட்ட இடங்களில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் இன்றும் பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கத் தெருக்களில் தட்டுத் தட்டாகப் போகிறது. பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், முட்டைகோஸ், மிளகாய்த் தூள், ஒரு கை புளித் தண்ணீர். மிளகாய்த் தூளைப் பாதியாக்கச் சொன்னால் போஜொலேக்கு இது நல்ல ஜோடி, ஏனென்றால் பொரித்த வெங்காயத்தின் லேசான இனிப்பும் இந்த ஒயினின் பழ வாசனையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். கூட வரும் வாழைத்தண்டு சூப்பை மட்டும் தனியாகக் குடித்துவிடுங்கள்.

பீஃப் வறுவலுக்கு யோசிக்கவே வேண்டாம். மிளகுக் காரமாக இருந்தால் மிளகாய்க் காரத்தை விட நல்லது. மட்டன் பிரியாணிக்கும் சரி, தயிர்ப் பச்சடியோடு. கத்தரிக்காய் தொக்கை ஓரமாக வைத்துவிட்டு. இனிப்பு எதற்கும் இந்த ஒயின் ஆகாது. பிரெட் அல்வா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் வெறும் புளிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

'ரூம் டெம்பரேச்சர்' என்ற பொறி

ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது எந்த ஊர் அறை? கணப்பு அடுப்பு இருந்த பழைய ஐரோப்பிய வீடுகளின் அறை. சுமார் 16, 18 டிகிரி. மே மாதத்தில் ராயபுரத்தில் ஓட்டு வீட்டு அறை 35 டிகிரி. அந்தச் சூட்டில் எந்த ரெட் ஒயினைத் திறந்தாலும் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

போஜொலேயை இன்னும் குளிராக, 12 முதல் 14 டிகிரியில் குடிப்பதுதான் அந்த ஊரிலேயே வழக்கம். நம்ம ஊர் நடைமுறை: ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து, எடுத்த உடனே பரிமாறலாம். ஐஸ் கட்டி போடுவதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் தண்ணீராகிவிடும் என்பதால் ஃபிரிட்ஜ் வழியே மேல். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜிலேயே வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

ஒரு பாட்டில் என்றால் எவ்வளவு?

"ஒயின்தானே, அது ஒண்ணும் பண்ணாது" என்பது நம் இளைஞர்கள் மத்தியில் நிறைய கேட்கும் வசனம். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 13 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 77 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், சுமார் 61 கிராம். ஆக, ஒரு பாட்டில் ஒயினை ஒருவரே முடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். 150 மில்லி கிளாஸ் ஒன்றில் சுமார் 15 கிராம். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். போலீஸ் ஊதச் சொல்லும் மெஷின் அது பிராந்தியா ஒயினா என்று கேட்காது.

'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சு 1991-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி 'பிரெஞ்சு முரண்' என்று பேசியதில் இருந்து உலகம் முழுக்கப் பரவியது. கொழுப்பு நிறைய சாப்பிட்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் ஒயின் என்றார்கள். அந்த முடிவு இன்று பலவீனமாகிவிட்டது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே சேர்த்துவிட்டது. ஆகவே சுவைக்காக என்று சொல்லுங்கள், ஆரோக்கியத்துக்காக என்று சொல்லாதீர்கள்.

அங்கே தினசரி, இங்கே ஆடம்பரம்: ஏன்?

சாதாரண போஜொலே பிரான்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து முதல் பத்து யூரோவுக்குள் கிடைக்கும் சரக்கு. இந்தியாவுக்குள் வரும்போது முதலில் சந்திப்பது சுங்க வரி. 50 சதவீதம் அடிப்படை வரி, அதன் மேல் 100 சதவீதம் வேளாண் உள்கட்டமைப்பு செஸ், மொத்தம் 150. ஒரு உதாரணத்துக்கு, துறைமுகத்தில் இறங்கும்போது பாட்டிலின் மதிப்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி மட்டும் 750. அங்கேயே 1,250 ஆகிவிட்டது. இன்னும் மாநில வரிகள், இறக்குமதியாளர் லாபம், கிடங்கு வாடகை, கடைக்காரர் பங்கு எதுவும் சேரவில்லை. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநிலங்கள் தனித்தனியாக வரி போடும். அதனால்தான் ஒரே பாட்டிலுக்கு ஊருக்கு ஊர் ஒரு விலை.

தமிழ்நாட்டில் மொத்த விற்பனை 1983-ல் இருந்தும், சில்லறை விற்பனை 2003-ல் இருந்தும் டாஸ்மாக் கையில். வெளிநாட்டு ஒயின் வேண்டுமென்றால் பெரும்பாலும் எலைட் கடைகள்தான் வழி. "பாண்டில வாங்கிட்டு வந்துடலாமே" என்பவர்களுக்கு: புதுச்சேரி மதுவை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

வரி குறையுமா? ஆஸ்திரேலிய ஒயினுக்கு ஏற்கனவே குறைய ஆரம்பித்துவிட்டது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, 5 டாலருக்கு மேல் இறக்குமதி மதிப்புள்ள பாட்டிலுக்கு 150-ல் இருந்து முதலில் 100 சதவீதம், பத்து ஆண்டுகளில் 50 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27-ல் அறிவிக்கப்பட்டது. அதிலும் ஒயின் வரியைப் படிப்படியாகக் குறைப்பது இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மாதிரிச் சலுகைகள் விலை அடுக்கு பார்த்து வருபவை. பாட்டில் எவ்வளவு விலையோ அவ்வளவு சலுகை. உள்நாட்டு நாசிக் ஒயின் தொழிலைப் பாதுகாக்கும் ஏற்பாடு அது. நியாயம் இருக்கலாம். ஆனால் லியோன் நெசவாளி குடித்த மலிவு ஒயின்தான் இந்த ஏணியில் கடைசிப் படியில் நிற்கிறது.

இன்னொரு விஷயத்தை வரி அட்டவணை சொல்லாது: வெயில். திருவொற்றியூர், எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையைத் தினமும் பார்க்கிறோம். கோடையில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெளியே இருப்பதை விட ரொம்பவே சூடு. 30 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் கிடந்தால் ஒயின் 'வெந்துவிடும்': பழ வாசனை போய், ஜாம் காய்ச்சிய வாசனை வரும். குளிரூட்டப்பட்ட கன்டெய்னர் செலவு கூட. மலிவு ஒயினுக்கு அந்தச் செலவைச் செய்ய எந்த இறக்குமதியாளருக்கும் மனசு வராது.

ஒரு சின்ன ஆறுதல், தேனி பக்கம் இருந்து. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தமிழ்நாட்டுக்கு அதை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பது அதன் உலகப் பெயர். நம் வீட்டு கிறிஸ்துமஸ் ஜாடிக்குள் போகிற திராட்சைக்கே ஒரு பிரெஞ்சுத் தொடர்பு இருக்கிறது.

பாட்டிலைக் கையில் எடுத்தால்

லேபிளில் வெறும் 'போஜொலே' என்று இருந்தால் அடிப்படை ரகம். 'போஜொலே வில்லாஜ்' என்றால் அதற்கு ஒரு படி மேல். மோர்கோன், ஃப்ளூரி, ப்ரூயி, மூலான் அ வான் மாதிரி ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அது 10 'க்ரூ' கிராமங்களில் ஒன்று. அவற்றில் பல லேபிள்களில் போஜொலே என்ற சொல்லே பெரிதாக இருக்காது. விலையும் துவர்ப்பும் ஏறும். போட்டி வறுவலுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், வில்லாஜ் போதும். இதுவும் கிடைக்கவில்லை என்றால் நாசிக்கின் ஜின்ஃபண்டெல் ரெட்டைக் குளிர வைத்துப் பார்க்கலாம்.

வாங்கும் முன் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். ஒயின் மட்டம் வழக்கத்தை விடக் கீழே இருந்தாலும், கார்க் மேலே துருத்திக்கொண்டிருந்தாலும், மூடி ஓரத்தில் பிசுபிசுப்பு தெரிந்தாலும் அந்தப் பாட்டில் வழியில் எங்கோ வெயில் பட்டிருக்கிறது. இறக்குமதி தேதி ஒட்டுவில்லையையும் படியுங்கள்.

'நூவோ' என்று எழுதியிருந்தால் கூடுதல் கவனம். அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க விற்பனைக்கு வரும் புது ஒயின் அது. 1985-ல் இருந்து அந்தக் கிழமைதான். ஜார்ஜ் துபேஃப் என்ற வியாபாரி அதை ஒரு திருவிழாவாகவே மாற்றினார். உடனே குடிக்கச் செய்தது, சேர்த்து வைக்க இல்லை. கடையில் 'நூவோ' பாட்டில் தூசியோடு நின்று, அதில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய அறுவடை ஆண்டு போட்டிருந்தால், என்ன தள்ளுபடி சொன்னாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.